சாடிச் செடிக்கு வேப்பெண்ணெயா, இரைவிழுங்கிச் சிற்றுண்ணியா?

கனடாவில் இருக்கும் மச்சாள் தன் வீட்டுச் செடிகளில் சின்னச் சின்னக் கடதாசிப் பைகளைத் தொங்கவிட்டிருக்கிறார். உள்ளே தவிட்டோடு இரைவிழுங்கிச் சிற்றுண்ணிகள். அவை மெதுவாக வெளியே வந்து, இலைச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப் பேனைப் பெருகுமுன்பே தின்றுவிடும். "நீயும் வாங்கிப் போடன்" என்றார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நான் விசாரித்துப் பார்த்துவிட்டு வேப்பெண்ணெயோடு நின்றுவிட்டேன்.

கடையில் விற்கும் பூச்சிமருந்து பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கையறைச் செடிக்கு யார் அதை அடிப்பது? தவிர, அவற்றில் பைரித்ரொயிட் என்ற வகை மருந்துகள் நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்று சிலந்திப் பேனைப் பெருக்கியும் விடும்.

இரைவிழுங்கிச் சிற்றுண்ணிகள் கெட்டிக்காரர்கள்தான். இலங்கையின் கற்பிட்டியில் 1997இல், தேங்காயைக் கெடுக்கும் தென்னைச் சிற்றுண்ணி தலைகாட்டிய பிறகு, லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் அதைத் தின்னும் இன்னொரு சிற்றுண்ணியை வளர்த்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்தது. ஆனால் அது தென்னைக்கானது. சிலந்திப் பேனைத் தின்பதில் பேர்போன பெர்சிமிலிஸ் என்ற சிற்றுண்ணி வேறெதையும் தின்னாது. பேன் முடிந்தால் பட்டினியில் சாகும். ஆகவே வருமுன் காக்க மகரந்தத்திலும் பிழைக்கும் கலிபோர்னிகஸ் என்ற சிற்றுண்ணிதான் சரி.

என்னைத் தடுத்தது திரும்பத் திரும்ப வாங்கும் வேலை. ஒரு பை 4 முதல் 6 வாரம்தான் உழைக்கும். நான் கேட்ட விவசாயக் கடைகளில் கையை விரித்தார்கள். உயிருள்ளவற்றை அனுமதியில்லாமல் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவும் முடியாது. கிடைத்தாலும், வெயிலில் பொதியாய்க் கிடந்து வந்து சேரும்போது எத்தனை உயிரோடிருக்கும்? சோளகக் காற்று வீசும் மாதங்களில் விறாந்தைச் செடிகள் காய்கிற காய்ச்சலுக்குச் சிலந்திப் பேன் கொண்டாடும். ஈரப்பதம் தேடும் பெர்சிமிலிஸ் போன்றவை வாடும். நான் அவற்றை வளர்த்துப் பார்த்தவனில்லை, மச்சாள் வீட்டில் நன்றாகத்தான் வேலை செய்கின்றன.

வேப்பெண்ணெய்க்கும் வேலை உண்டு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் எண்ணெய், கலக்கக் கொஞ்சம் சவர்க்காரம். இங்கேதான் யாழ்ப்பாணத்துச் சிக்கல்: சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, திரிந்து வெள்ளையாய்ப் படியும். எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியே நிற்கும். அதனால் மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். கலந்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். பேன் இருப்பது இலையின் அடியில், அங்கேதான் அடிக்க வேண்டும், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். சூட்டில் சில நாளில் பொரிக்கும். ஆகவே பேன் கண்டால் வாரம் ஒருமுறையாக மூன்று தடவையாவது அடிப்பேன். மற்ற நாட்களில் இலையின் அடியைத் தண்ணீரால் பீச்சிக் கழுவுவதோடு சரி. அதிலேயே பாதிப் பேன் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: இரண்டையும் ஒரே செடியில் சேர்க்க வேண்டாம். ஈரம் காயாத எண்ணெய் சிற்றுண்ணியையும் கொல்லும். பன்னம் போன்ற மெல்லிய இலைச் செடிகளுக்கு எண்ணெயும் வேண்டாம், தண்ணீர்க் கழுவல் போதும்.