ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில்: புத்தக அட்டை வேலைக்கு எப்படி?

2023 மே மாதம் சோதனைப் பதிப்பாக வந்து, அதே ஆண்டு செப்டம்பரில் ஃபோட்டோஷாப்பில் முறையாக இணைந்த ஜெனரேட்டிவ் ஃபில் என்ற, செயற்கை நுண்ணறிவால் படத்தின் வெற்றிடத்தை நிரப்பும் வசதியை, அட்டை வடிவமைப்பவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. நெட்டுவாக்கில் எடுத்த புகைப்படத்தை முன் அட்டை, முதுகு, பின் அட்டை மூன்றையும் தழுவும் அகலத்துக்கு நீட்ட வேண்டியிருக்கும்போது, வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டளை கொடுத்தால், வானத்தின் நிறத்தையும் ஒளி விழும் திசையையும் ஒட்டி மூன்று மாதிரிகளை முன்வைக்கிறது. அவை மூலப்படத்தைத் தொடாமல் மாஸ்க்குடன் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) தனி லேயராக (படத்தின் மேல் தனி அடுக்காக) அமைவதால், பிடிக்காத ஓரத்தை பிரஷ்ஷால் மறைத்துவிட்டு நம் கைவேலையைத் தொடரலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுவே. பெரிய பரப்பை ஒரே முறையில் நிரப்பினால் நுணுக்கம் மங்கக்கூடும் என்பதால், பகுதி பகுதியாக நிரப்புவது நல்லது. இதன் அடிப்படையான ஃபயர்ஃபிளை என்ற அடோபி நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு, அந்நிறுவனத்தின் படத்தொகுப்பான அடோபி ஸ்டாக்கின் படங்களையும் காப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகளையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்திருப்பது, ஓவியர்களின் உழைப்பை மதிப்பவர்களுக்கு முக்கியமான செய்தி. புத்தகத் தலைப்பின் எழுத்தை வரையும் வேலையை மட்டும் ஓவியரிடமே கொடுங்கள்.