டெல்லி ஆர்.கே. புரத்தில் ஸ்கூல் வேன் தேடுகிறவர்களுக்கு: எங்கள் ஏழு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வேனில்தான் மகளைத் தொடர்ந்து அனுப்பப் போகிறோம். குறைகள் இருக்கின்றன, கீழே எழுதியிருக்கிறேன். மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் "எந்த வேன், எப்படி ஓட்டுகிறார்கள்" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நடத்துவது முனிர்க்கா பக்கம் இருக்கும் ஒரு அண்ணன் தம்பி. மூன்று மாருதி ஈகோ வேன், போர்டு பெயர் எதுவும் கிடையாது, ஒருவர் சொல்லி ஒருவர் சேருவதுதான். நாங்கள் ஜூலையில் சேர்ந்தோம், மாதம் 2,800 ரூபாய். மகள் இரண்டாம் வகுப்பு.

இதற்கு முன்னால் வேறொரு வேன். வெள்ளை நம்பர் பிளேட். வாடகைக்கு ஓடுகிற வண்டி என்றால் மஞ்சள் பிளேட் இருக்க வேண்டும் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை, வீட்டு வாசலுக்கே வருகிறார், பணமும் குறைவு, அவ்வளவுதான் பார்த்தோம். ஒரு நாள் மதியம் நானே கூட்டிவரப் போயிருந்தேன். பள்ளி விட்டு கேட் முன்னால் ஒரே கூட்டம், அந்த வேன் திருப்பத்தில் வந்த வேகத்திலேயே உள்ளே நுழைந்தது. யாரோ ஒரு குழந்தையின் வாட்டர் பாட்டில் கைநழுவி ரோட்டில் உருண்டது, பின்னாலேயே அந்தக் குழந்தை. பிரேக் கிறீச்சென்றது. வண்டிக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். டிரைவர் இறங்கி அந்தப் பிள்ளையைத்தான் திட்டினார். என் மகள் அந்த வேனில் ஏறுவதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே நிறுத்திவிட்டோம், அடுத்த வேன் கிடைக்கும் வரை பதினைந்து நாள் என் கணவர் லீவும் அரை லீவுமாகப் போட்டுக் கொண்டுபோய் விட்டார்.

அதனால் இந்த முறை சேருவதற்கு முன்பு நிறையக் கேட்டேன். டெல்லியில் இதற்கெல்லாம் ஒரு பின்னணி உண்டு. 1997 நவம்பரில் வஜீராபாத் பாலத்தில் ஒரு பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களுக்குள் உச்ச நீதிமன்றம் பள்ளி வண்டிகளுக்கு வரிசையாக நிபந்தனைகள் போட்டது: 40 கி.மீ.க்கு மேல் போகாதபடி ஸ்பீடு கவர்னர், கனரக வண்டி ஓட்டி ஐந்து வருட அனுபவம், ஒரே ஒரு தடவை அதிவேகத்துக்கு வழக்கு வாங்கியிருந்தாலும் அந்த டிரைவர் கூடாது. இப்போது நாம் பார்க்கிற ஜன்னல் கம்பி, முதலுதவிப் பெட்டி, வண்டி மேல் பள்ளியின் போன் நம்பர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவை. இந்த அண்ணன் தம்பியிடம் மஞ்சள் பிளேட், பெர்மிட், டிரைவர் பேட்ஜ் எல்லாம் இருந்தது, கேட்டவுடன் காட்டினார்கள். கவர்னரும் 40-இல் பூட்டியிருக்கிறது.

ஆனால் கவர்னர் இருக்கிறது என்று சொன்னவுடன் நிம்மதியாகிவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் ஆனேன். அந்தக் கருவிக்கு மெயின் ரோடு எது, பள்ளி வாசல் எது என்று தெரியாது. அவுட்டர் ரிங் ரோடில் 40 என்பது நிதானம், கேட் முன்னால் அதே 40 பயங்கரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40-இல் போகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும், அதாவது ஒரு குழந்தை குறுக்கே வருவதை டிரைவர் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே மூன்று ஈகோ நீளம் போயாயிற்று, அதற்கப்புறம் நிற்க நல்ல காய்ந்த ரோட்டில் இன்னும் எட்டு ஒன்பது மீட்டர் வேண்டும். 20-இல் வந்தால் எல்லாம் சேர்த்தே எட்டு மீட்டரில் நின்றுவிடும். வரிசையாக நிற்கிற கார்களுக்கு நடுவிலிருந்து ஓடிவருகிற ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம்தான் உயிர்.

இந்த வேனில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அண்ணன்காரர் சேரும்போதே சொன்னார், "பள்ளி இருக்கும் தெருவில் திரும்பியதும் 20, அதற்கு மேல் என் டிரைவர் போனால் எனக்கு போனில் வந்துவிடும்" என்று. ஜிபிஎஸ் ஆப்பில் பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார், அந்த வட்டத்துக்குள் 20 தாண்டினால் அவருக்கு எச்சரிக்கை போகும். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை, ஒரு நாள் கேட்டு முன் சீட்டில் உட்கார்ந்து போனேன், கையில் கூகுள் மேப்ஸ் திறந்து வேகம் பார்த்துக்கொண்டே. வெளி ரோட்டில் அதிகபட்சம் 38 காட்டியது, வண்டியின் முள் 41-இல் இருந்தது (முள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்). பள்ளித் தெருவில் திரும்பியதும் 17, 18. பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது, டிரைவர் பையா (இந்தியில் அண்ணன்) கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான், 18 என்றால் 18.

இன்னொன்று, கேட்டுக்கு நேராக நிறுத்துவதில்லை. கொஞ்சம் முன்னாலேயே சுவரோரம் நிறுத்தி, கூட வருகிற அக்கா இறங்கிக் குழந்தைகளை நடைபாதைப் பக்கமாகவே கூட்டிக்கொண்டு போகிறார். மதியமும் அவர் போய் வரிசையாகக் கூட்டிவருகிறார். ஐந்து நிமிடம் கூடுதலாகிறது. ஆகட்டும்.

இதில் ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வேன் மெதுவாகப் போனாலும் மற்ற வண்டிகள் பறக்கின்றன. 2021 ஜூனில் டெல்லி டிராபிக் போலீஸ் குடியிருப்புப் பகுதி, மார்க்கெட், சர்வீஸ் ரோடு எல்லாவற்றிலும் எந்த வண்டிக்கும் 30 கி.மீ.தான் என்று அறிவித்தது. எங்கள் பள்ளித் தெருவில் அந்த 30 எழுதிய வட்டப் பலகை ஒன்றுகூட இல்லை. ஸ்பீடு பிரேக்கர் இரண்டு உண்டு, குறுகலாக, பல்லுப்பல்லாக, வேன் ஏறினால் குழந்தைகள் சீட்டிலிருந்து எகிறுகிறார்கள், ஸ்கூட்டர்காரர்களோ ஓரமாக இருக்கும் இடைவெளியில் வேகம் குறைக்காமலே போய்விடுகிறார்கள். 25 கி.மீ. வேகத்துக்கென்று, ரோடு போடுவதற்கு அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் மேடு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஏறக்குறைய ஒரு ஈகோவின் முழு நீளத்துக்கு மெல்ல ஏறி இறங்க வேண்டும். அப்படி ஒன்று போட்டால் யாருக்கும் முதுகு போகாது, வேகமும் குறையும். பலகைக்கும் மேட்டுக்கும் சேர்த்து பெற்றோர்கள் 31 பேர் கையெழுத்துப் போட்டுப் பள்ளி மூலமாக மனு கொடுத்திருக்கிறோம்.

சரி, குறைகள். மூன்று வேனிலும் டிரைவர் ஒரே மாதிரி இல்லை. எங்கள் பையா லீவு போட்ட நாட்களில் தம்பிக்காரர் ஓட்டுவார், அவர் வந்தால் மகள் வீட்டுக்கு வந்து "இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டோம்மா" என்கிறாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இரண்டு தடவை அண்ணனிடம் சொன்னேன், ஆப்பைத் திறந்து காட்டினார், பள்ளி வட்டத்துக்குள் 20 தாண்டவில்லை, வெளியில்தான் அழுத்தியிருக்கிறார். அதற்கப்புறம் கொஞ்சம் பரவாயில்லை.

அப்புறம் பனி. டிசம்பர் கடைசியில் எதிரே நிற்கும் வண்டி தெரியாத நாட்களிலும் அதே நேரத்துக்குக் கிளம்பினார்கள். பனி நாளில் கால் மணி முன்னால் எடுத்து மெதுவாகப் போகலாமே என்று கேட்டதற்கு, மற்ற பெற்றோர் குழந்தையை அவ்வளவு சீக்கிரம் தயார் செய்ய மாட்டார்கள் என்கிறார். இதில் தப்பு நம் பக்கமும் இருக்கிறது, லேட்டானால் முதலில் போன் போட்டுக் கத்துகிறவர்கள் நாம்தானே. வேன் வருவதற்கு முன்பே கீழே வந்து நின்றால் ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம் மிச்சம், எட்டு வீட்டுக்குப் பதினாறு நிமிடம், அந்த நேரத்தை டிரைவர் ரோட்டில் வேகமாகப் போய்ப் பிடிக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்குத் தரும் ஆப் சுமார்தான். வண்டி இருக்கும் இடம் சில சமயம் இரண்டு மூன்று நிமிடம் பின்தங்கிக் காட்டுகிறது, வேகம் நமக்குத் தெரியாது, அவருக்கு மட்டும்தான். மே, ஜூன் விடுமுறைக்கும் முழுப் பணம் கேட்கிறார்கள், பேசினால் ஜூனுக்குப் பாதி குறைப்பார்கள் என்று பக்கத்து பிளாக்கில் சொன்னார்கள்.

ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கும்போது ஒரு வேனில் மூன்று இடம் காலியாகிறது. சேர நினைப்பவர்கள் முதல் வாரத்தில் ஒரு நாள் முன் சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள், அவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. தம்பிக்காரர் ஓட்டும் நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.