பாதாள சாக்கடை இல்லாத வீடு: சோப்புத் தண்ணீரை எங்கே விடுவது?

சென்னையின் தென்புறநகரில் பாதாள சாக்கடை இன்னும் எட்டாத தெருக்கள் நிறைய. கக்கூஸ் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போய்விடும். குளியல், துணி, சமையல் தண்ணீருக்குத்தான் வழி தேட வேண்டும். நால்வர் உள்ள வீட்டில் இது தினம் 350 லிட்டர் அளவுக்கு வரும். நடைமுறையில் இருப்பவை நான்கு வழிகள்: தெரு மழைநீர் வடிகால், செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி, கல்வாழைப் பாத்தி (ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட, கசியாத தொட்டி).

வடிகாலில் விடுவது எல்லாவற்றிலும் மலிவு. ஒரு குழாயும் சுவரில் ஒரு துளையும் போதும். ஆனால் அது சட்டவிரோதம். சுத்திகரிப்பு எங்கேயும் கிடையாது. மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கத்து வடிகால் நீர் 2022-இல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. மழையில்லாத மாதங்களில் வடிகாலில் ஓடுவது முழுக்க வீட்டுக் கழிவுநீர்தான். அதிலுள்ள சோறும் எண்ணெயும் மட்கும்போது நீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. சோப்புச் சத்தைத் தின்று ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. கொழுப்போடு ஒட்டி இறுகிய வண்டல் நவம்பர் மழையில் அதே தெருவை மூழ்கடிக்கும். இந்த வழியை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

செப்டிக் டேங்கில் சேர்த்துவிடலாம் என்று கொத்தனார் சொல்வார். கணக்குப் போட்டுக் கட்டிய பெரிய டேங்க் என்றால் சரி. கக்கூஸுக்கு மட்டும் கட்டியதில் வாஷிங் மெஷின் தண்ணீர் மொத்தமாக விழுந்தால், அடியில் படிந்த மலக்கசடு கலங்கி வெளிக்குழாய் வழியே ஓடும். அந்த வெளிக்குழாயும் பல வீடுகளில் தெரு வடிகாலில்தான் செருகப்பட்டிருக்கும். அப்படியானால் முன்னதைவிட மோசம்.

உறிஞ்சுகுழியைத்தான் நிறையப் பேர் பரிந்துரைக்கிறார்கள். மீட்டருக்கு மீட்டர் குழி, உள்ளே உடைகல். ஆனால் அதன் நான்கு பக்கச் சுவர்களும் சேர்த்து 4 சதுர மீட்டர்தான். மணல் மண்ணில் ஒரு சதுர மீட்டர் நாளுக்கு 50 லிட்டர் இழுக்கும் என்று வைத்தாலும் மொத்தம் 200. இறுகிய களிமண்ணில் 10 லிட்டர்கூட இழுக்காது. மண்ணைச் சோதிப்பது எளிது. குழி போடும் ஆழத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை தோண்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் அரையடிக்கு நீர் நிரப்பி, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 30 நிமிடத்துக்கு மேல் போனால் உறிஞ்சுகுழி வேண்டாம்.

மண் இழுத்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. குடிநீர் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அதாவது சுமார் 60 அடி. 40க்கு 60 என்ற ஒரு கிரவுண்டு மனையின் முழு நீளமே அவ்வளவுதான். பக்கத்து வீட்டு போர்வெல்லையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீலாங்கரை, கொட்டிவாக்கம் போன்ற கடலோரத்தில் மணல் நன்றாக இழுக்கும். நிலத்தடி நீர் மேலாக இருப்பதால் சரியாக வடிகட்டாமலே கிணற்றில் சேர்த்தும் விடும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறினால் குழியே ததும்பும்.

எங்கள் தேர்வு கல்வாழைப் பாத்திதான். மண் எதுவானாலும் இது வேலை செய்யும், ஏனென்றால் சுத்தம் நடப்பது மண்ணில் அல்ல, ஜல்லியிலும் வேரிலும். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் கணக்கு. நால்வருக்கு 3 அடி அகலம், 14 அடி நீளம், 2 அடி ஆழம். காம்பவுண்டு ஓரச் சந்திலேயே அடங்கிவிடும். அடியும் பக்கமும் செங்கல் கட்டிப் பூசுங்கள், கசியக் கூடாது. இரு முனைகளிலும் ஓரடிக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் அரை அங்குல ஜல்லி, அடிக்கு ஒரு கல்வாழைக் கிழங்கு. வெளிக்குழாயில் திருப்பக்கூடிய எல்போ (வளைவு இணைப்பு) வைத்து, நீர்மட்டத்தை ஜல்லிக்கு மூன்று அங்குலம் கீழே நிறுத்துங்கள். நீர் கண்ணில் படாதவரை கொசுவும் வராது, நாற்றமும் இராது. இடுக்குகளில் சுமார் 800 லிட்டர் நிற்கும் என்பதால் தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் தங்கி வெளியேறும்.

இது கெடுவது பெரும்பாலும் சமையலறை எண்ணெயால்தான். அதனால் சிங்க் குழாய்க்கும் பாத்திக்கும் நடுவில் மூடியுள்ள 50 லிட்டர் டிரம் ஒன்று வையுங்கள். டிரம்மின் வெளிக்குழாயில் ‘T’ வடிவ இணைப்பு மாட்டி, அதன் கீழ்க்காலை டிரம்மின் அடிக்கு அரையடி மேலே வரை இறக்குங்கள். எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், தெளிந்த நீர் மட்டும் அடியிலிருந்து போகும். வாரம் ஒருமுறை ஏட்டை வழித்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். கொதிநீரை சிங்க்கில் கொட்டினால் உறைந்த கொழுப்பு இளகிப் பாத்திக்குப் போய்விடும். மாவரைத்த பாத்திரத்தின் முதல் கழுநீரும் அரிசி களைந்த நீரும் டிரம்மில் புளித்து நாறும். நேராகச் செடிக்கே ஊற்றலாம்.

நுழைமுனையில் தண்ணீர் மேலே தேங்க ஆரம்பித்தால் அந்த ஓரடி ஜல்லி அடைத்திருக்கிறது என்று பொருள். அதை மட்டும் அள்ளிக் கழுவித் திருப்பிப் போட்டால் போதும். மாடி மழைநீர்க் குழாய் பாத்தியில் விழக் கூடாது. விளிம்பு தரையைவிட அரையடி உயர்ந்திருக்கட்டும். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் உள்ளே போனால் நுண்ணுயிர் செத்துவிடும். சலவைத்தூளில் சோடியம் உப்பு அதிகம், களிமண்ணை இறுக்கும். திரவச் சலவை சோப்பில் அது குறைவு. வெளிவரும் நீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்லது. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் விட வேண்டாம்.