குறளர் நாட்டுக்கு எந்தக் கடற்கரை? கெர்ரி, ஃப்ளோரஸ், சிலோயே

கற்பனை உலகம் கட்டுகிறவர்கள், கதைகளில் வரும் குட்டை மனிதர்களான ஹாஃப்லிங் இனத்துக்குக் கடலோர நாடு வரையும்போது, பச்சைக் குன்று, குன்றைக் குடைந்த வீடு, மெல்லிய தூறல் என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். படம் அழகாக வரும். ஆனால் ஒரு மீட்டர் உயரமுள்ள ஒருவர் அங்கே எப்படிப் பிழைப்பார் என்று கேட்டால் வரைபடம் ஆட்டம் காணும். ஹாஃப்லிங்கைத் தமிழில் குறளர் என்றே சொல்லலாம். குறள் என்றால் குட்டை என்பது நம்மிடம் பழைய பொருள்தான்.

முதலில் உடல் கணக்கு. நம்மில் 165 செ.மீ. உயரமுள்ளவரை அப்படியே ஒரு மீட்டருக்குச் சுருக்கினால் உயரம் 0.6 மடங்கு, தோல்பரப்பு 0.36 மடங்கு, எடை 0.22 மடங்கு. 60 கிலோ ஆள் 13 கிலோ ஆகிவிடுவார். கட்டுமஸ்தான உடல் என்று வைத்தால் 20 கிலோ. ஒரு கிலோ எடைக்குத் தோல் கூடுதல் என்பதால் உடல்சூடு வேகமாக இறங்கும். குளிர்ந்த கடலில் விழுந்த குறளருக்கு நமக்குள்ள அவகாசம் கிடையாது. நிலத்தையும் பருவத்தையும் இந்தக் கணக்கோடு பொருத்தித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அலசலுக்கு எடுத்த மூன்றும் உண்மையான இடங்கள்: அயர்லாந்தின் தென்மேற்கில் கெர்ரி, இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ், சிலியின் சிலோயே.

பலரும் மனத்தில் வைத்திருப்பது கெர்ரியைத்தான். 52 பாகை வடக்கில் இருந்தும் வட அட்லாண்டிக் வெந்நீரோட்டத்தால் ஜனவரி சராசரி 7 பாகை செல்சியஸ், ஜூலை 15. அதே அட்சரேகையில் கனடாவின் லாப்ரடார் கரையில் குளிர்காலக் கடல் உறைந்துபோகும். மழை ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்கு மேல், எல்லா மாதங்களிலும் பரவிப் பெய்கிறது. குன்றைக் குடைந்த வீடு தோற்பது இங்கேதான். கெர்ரி மேடுகளில் பெரும்பகுதி பீட் எனும் கரிச்சேற்று நிலம். அதன் எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். தோண்டிய குழி ஊற்றாகிவிடும். அங்கே உண்மையில் நிலைத்தது சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்கிய தேன்கூட்டுக் குடில். ஒவ்வொரு கல்லையும் வெளிப்பக்கம் சற்றுச் சரித்து வைத்ததால் மழைநீர் உள்ளே இறங்காமல் வடிகிறது. ஸ்கெல்லிக் மைக்கேல் பாறைத்தீவில் துறவிகள் கட்டியவை நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கின்றன. அதே தீவில் பஃபின் பறவைகள் வளை தோண்டி முட்டையிடும். பாம்பு கிடையாது. பீட் சுமந்த குட்டைக் குதிரை இனம் குறளர் சவாரிக்குக் கச்சிதம். அமைதியான நாடு வேண்டுமென்றால் கெர்ரி போதும். உருளைக்கிழங்கை மட்டும் ஒரே பயிராக நம்பவிடாதீர்கள். அந்த ஈரத்தில் கருகல் நோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை 1845-இல் தொடங்கிய பஞ்சம் காட்டியது.

ஃப்ளோரஸின் பக்கம் பெரிய நியாயம் ஒன்று உண்டு: அங்கே குள்ள மனிதர்கள் நிஜமாகவே வாழ்ந்தார்கள். லியாங் புவா சுண்ணாம்புக் குகையில் 2003-இல் கிடைத்த எலும்புக்கூட்டுக்குரிய பெண்ணின் உயரம் சுமார் 106 செ.மீ. தீவில் அடைபட்டால் பெரிய விலங்கு சிறுக்கும், சிறியது பெருக்கும் என்ற விதி அங்கே கண்முன் தெரிகிறது. இன்று அழிந்துபோன குள்ள ஸ்டெகோடான் யானைகளும் 1.8 மீட்டர் உயர நாரையும், வால் நீங்கலாகவே 40 செ.மீ. தாண்டும் எலியும் அந்தத் தீவுக்குரியவை. குறளருக்குக் கண்ணுக்கு நேரே பார்க்க முடியாத உயரத்தில் ஒரு பறவை நிற்கிறது என்பதை எழுதிப் பாருங்கள், கதைக்கு அது ஒன்றே போதும். ஆனால் நாடு என்று வரும்போது கொமோடோ உடும்பு குறுக்கே நிற்கிறது. மூன்று மீட்டர் நீளத்தில் மான்களையே வேட்டையாடும் விலங்குக்கு 20 கிலோ குறளர் எளிய இரை. பிள்ளைகளைத் தனியே வயலுக்கு அனுப்ப முடியாது. ஊருக்கு வேலி, இரவுக்குக் காவல் என்றே உழைப்பு கரையும். மழையும் டிசம்பர் முதல் மார்ச் வரை கொட்டிவிட்டு நீண்ட வறட்சியை விட்டுச்செல்லும். குளமும் களஞ்சியமும் இல்லாமல் ஊர் நிலைக்காது.

என் தேர்வு சிலோயே. 42 பாகை தெற்கில், சுமார் 8,400 சதுர கிலோமீட்டர் தீவு. மேற்குக் கரையில் திறந்த பசிபிக்கின் அலை அடிக்கிறது. மேற்குப் பக்கமாக ஓடும் தாழ்ந்த மலைத்தொடர் மேகத்தை மேற்கிலேயே பிழிந்துவிட, கிழக்கில் குட்டித் தீவுகள் சிதறிய அமைதியான உட்கடல் கிடைக்கிறது. ஊர்களும் பெரும்பாலும் அங்கேதான். விலங்குகளோ குறளருக்கென்றே அளவெடுத்தவை போலிருக்கும். தோளுயரம் 35–45 செ.மீ. உள்ள புடு மான், அமெரிக்கக் கண்டங்களிலேயே சிறிய காட்டுப் பூனையான கொட்கொட், டார்வின் நரி, எலியளவுப் பைப்பாலூட்டி. பிரதான நிலத்தில் உள்ள பூமா தீவில் இல்லை. புடுவில் ஏறி ஓட்டலாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சவாரி விலங்கு தன் எடையில் ஐந்திலொரு பங்குதான் வருத்தமில்லாமல் சுமக்கும். 20 கிலோ ஆளுக்கு 100 கிலோ விலங்காவது வேண்டும், புடு 10 கிலோதான். அங்குள்ள குட்டைக் குதிரையே சரி.

சிலோயேயை முடிவு செய்வது ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உட்கடல் 5–6 மீட்டர் ஏறி இறங்கும். ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும் என்பது மாலுமிக் கணக்கு. 6 மீட்டர் என்றால் மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் தலா ஒன்றரை மீட்டர், அதாவது நிமிடத்துக்கு இரண்டரை செ.மீ. சேற்றுத்திட்டில் மட்டி பொறுக்கும் குறளருக்குக் கணுக்காலில் இருந்த தண்ணீர் மூக்குக்கு வர சுமார் 33 நிமிடம், நமக்கு 57. எனவே குறளர் ஊரில் ஓத மணி அடிக்கும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இறக்கம் பாதி ஆனதும் இறங்கி, நீர் திரும்புமுன் கரையேறிவிடுவது வழக்கமாகியிருக்கும். படகுக் கயிறு குட்டையாக இருந்தால் ஏற்றத்தில் முனை அமிழ்ந்து நீர் புகும், இறக்கத்தில் படகு தொங்கும்.

அதே ஓதம்தான் சோறும் போடுகிறது. சிலோயே மக்கள் கரையை நோக்கித் திறந்த வளைவாகக் கல்லாலோ பின்னிய கம்பாலோ சுவர் எழுப்புவார்கள். உயர் ஓதத்தில் சுவரைத் தாண்டி வந்த மீன், நீர் வடிந்ததும் உள்ளேயே தங்கிவிடும். குளிர்ந்த கடலுக்குள் போகாமலே மீன் கிடைக்கிறது; சூட்டைச் சீக்கிரம் இழக்கும் உடலுக்கு இதைவிடப் பெரிய வசதி எது? சமையலும் அப்படியே. குழியில் பழுக்கக் காய்ச்சிய கற்களின் மேல் மட்டி, இறைச்சி, உருளைக்கிழங்கு அடுக்கி, நல்கா செடியின் இலையால் மூடி, மேலே புல்கட்டி போட்டு அவிப்பார்கள். அந்த இலை ஒரு மீட்டருக்கு மேல் விரியும், குறளருக்கு முழுக்குடை.

வீடு கால்மரங்களின் மேல், சுவருக்கு மரஓடு. நம் படி 18 செ.மீ. என்றால் குறளர் படி 11. ஆறு மீட்டர் ஏணிக்கு 55 படி ஆகும். சுமை ஏற்றக் கப்பி வையுங்கள். கால்மரத்தில் ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் இடைப்பகுதிதான் முதலில் உளுக்கும், மாற்று மரம் எப்போதும் கையிருப்பில் வேண்டும்.

உங்கள் நாடு வட கோளத்தில் என்றால் சிலோயேக் கரையின் பெங்குவினை எடுத்துவிட்டுப் பஃபின் வையுங்கள். இரண்டும் ஒரே கரையில் கூடு கட்டாது. நிலநடுக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். 1960-இல் 9.5 அளவில் அதிர்ந்தபோது ஆழிப்பேரலை சிலோயேயைத் தாக்கியது. களஞ்சியமும் விதைக்கிழங்கும் மேட்டில், மேடேற ஒரு அகலப்பாதை. குறளர் நடை நம் நடையில் முக்கால் வேகம்தான், அதனால் மேடு ஊரிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கட்டும்.