நில கேஸ் நடத்துற டெல்டா மக்களே, பிராது (நம்ம வழக்கு மனு) நகல இப்பவே வாங்கிப் படிங்க

பாபநாசம் பக்கம் எங்கப்பாவுக்கு மூணு மா நஞ்சை, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். பக்கத்து வயக்காரர் குறுவை அறுத்த கையோட வரப்ப வெட்டி எங்க பக்கம் தள்ளிப் போட்டாரு, கேஸ் போட்டோம். வக்கீல் வெறும் இன்ஜங்ஷன் (தடை உத்தரவு) மட்டும் கேட்டு பிராது போட்டாரு. பதிலுரையில பக்கத்து வயக்காரர் தரப்பு, நெலமே எங்களுது, கிரயப்பத்திரம் இருக்குன்னு எழுதிட்டாங்க. அப்பவே அப்பா கேட்டாரு, "நெலமே அவருதுங்கறாரே சார், நாம எதுவும் சேக்க வேணாமா?" "வாய்தாவுக்கு மட்டும் வாங்க பெரியவரே, மத்தத நான் பாத்துக்கறேன்"னுட்டாரு.

குறுக்கு விசாரணையில எதிர் வக்கீல் பிராதோட சொத்து விவரத்த அப்பா கையில குடுத்து சர்வே நம்பர் உட்பிரிவ படிங்கன்னாரு, 3ஏன்னு இருக்கு, அடுத்து எங்க சிட்டாவ குடுத்தாரு, அதுல 3பி. கூண்டுல நின்னுகிட்டு ரெண்டு பேப்பரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு எங்கப்பா, வயித்தெரிச்சலா இருந்துச்சு எனக்கு. நெலம் உங்களுதுன்னா விளம்புகை, அதாவது நெலம் உங்களுதுன்னு கோர்ட்டே அறிவிக்கிறத, ஏன் கேக்கலன்னு அடுத்த கேள்வி. வக்கீல் செய்ய வேண்டியதுக்கு அவரு என்ன பதில் சொல்லுவாரு?

அதுக்கப்புறம் தனி ஃபீஸ் வாங்கிகிட்டு திருத்த மனு போட்டாரு. உட்பிரிவ திருத்த மட்டும் செலவுத்தொகை கட்டச்சொல்லி விட்டாங்க, விளம்புகை சேக்கறது தள்ளுபடி. சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 6 விதி 17ல 2002லயே மாத்திட்டாங்க, விசாரணை ஆரம்பிச்சிட்டா, எவ்வளவு கவனமா இருந்தும் முன்னாடி கேட்டிருக்க முடியாதுன்னு காட்டினாத்தான் திருத்தம். பதிலுரை அத்தன நாளா கேஸ் கட்டுலயே கெடக்குறப்ப அத எப்படிக் காட்டுறது? அதனால பதிலுரை வந்ததும் நகல் வாங்குங்க, உரிமைய மறுத்திருந்தா ப்ரூஃப் அஃபிடவிட்ல (நம்ம சாட்சியத்த எழுதிக் குடுக்குற பிரமாணப் பத்திரம்) கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே திருத்த மனு போடச் சொல்லுங்க, விளம்புகை கேக்க மூணு வருஷ காலவரையறையும் ஓடிட்டே இருக்கும். மனு அலோ ஆனாலும், கோர்ட் வேற கெடு சொல்லலன்னா 14 நாளுக்குள்ள பிராதுல திருத்தி எழுதிடணும், ஆர்டர் வந்துடுச்சேன்னு விட்டுடாதீங்க.

இப்ப வேற வக்கீல் வச்சு ஹைகோர்ட் மதுரை கிளைக்கு ரிவிஷன் (அந்த உத்தரவ மறுபடி பாக்கச் சொல்ற மனு) போறோம். பழையவரு ஃபீஸ் பாக்கி இருக்குன்னு கேஸ் கட்ட தர மாட்டேங்கறாரு. பாக்கிக்காக கட்ட புடிச்சு வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2000லயே சொல்லியிருக்கு, அத எழுதியே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிட்டோம்.