மேல்பாடிக் கல், டொரண்டோ கண்: ஆறு வருட அனுபவம்

காட்பாடியில் இருந்துகொண்டு, டொரண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழியோடு சேர்ந்து ஆறு வருடமாகக் கல்வெட்டு படிக்கிறேன். நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு முறை.

ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை (இறந்த மன்னருக்கு எழுப்பும் நினைவுக் கோயில்) எழுப்பிய ஊர் மேல்பாடி. அங்குள்ள கல்வெட்டுகளையும் திருவல்லத்துக் கல்வெட்டுகளையும் ஜெர்மன் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் 1899லேயே அச்சேற்றிவிட்டார். எங்கள் வேலை, சுற்றுவட்டாரத்தில் குளக்கரையிலும் வேலியோரத்திலும் கிடக்கும் துண்டுக் கற்களோடு.

முதல் வருடத்தில் பாதி எழுத்துருவோடு மல்லுக்கட்டியே போனது. அவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி அனுப்புவது என் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விரியும். "அண்ணை, இனி யூனிகோட்டிலேயே தட்டுறன்" என்று அவர் இறங்கி வந்த பிறகுதான் வேலை ஓடியது. கல்வெட்டுகளில் வடமொழிச் சொற்களுக்கு வரும் கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் 2014லேயே இடம் கிடைத்துவிட்டது. என் போனில் மட்டும் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது.

வாட்ஸப்பில் கல்வெட்டை வெறும் படமாக அனுப்பாதீர்கள். படம் சுருங்கி, கீறலும் எழுத்தும் ஒன்றாகிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். வீடியோ சந்திப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜூமில் இலவசக் கணக்குக்கு 40 நிமிடம், அதில் கால்மணி நேரம் குசலம் விசாரிக்கவே சரி.

உண்மையில் உழைத்தது கூகுள் டாக்ஸின் ஓரக் குறிப்புதான். பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, ரகரமும் (ர) காலும் (ா) ஒன்றுபோலவே இருக்கும். ஒரு துண்டுக் கல்லில் அப்படி ஓர் எழுத்து. நான் கால் என்றேன், அவர் ரகரம் என்றார். மூன்று வாரம், பதினொரு குறிப்பு. அவர் புத்தகத்திலிருந்து ஒரு சான்று போடுவார், நான் கல்லிலிருந்து ஒரு படம் போடுவேன். கடைசியில், "காலமை வெயிலில எடுத்து அனுப்புங்கோ" என்றார்.

காலை 7 மணிக்குப் போய் நின்றேன். டொரண்டோவில் முந்தின நாள் இரவு ஒன்பதரை. (நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதை மறந்து இரண்டு முறை அசடு வழிந்திருக்கிறேன்.) கல்லில் மாவு தடவச் சொல்லும் ஆட்கள் உண்டு. கல்லுக்குக் கெடுதல், நான் தொடுவதில்லை. சாய்ந்த வெயிலே போதும். எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழுந்தது. நாங்கள் அடித்துக்கொண்ட கோடு மட்டும் அடுத்த வரியையும் தாண்டிக் கல்லின் விளிம்புவரை ஓடியது. வெறும் விரிசல்.

"சரி அண்ணை, ரெண்டு பேரும் தோத்தம்" என்று பன்னிரண்டாவது குறிப்பு வந்தது. குறிப்புகளில் எதையும் அழிக்கவில்லை. அடுத்து வருகிறவரும் அந்த விரிசலை எழுத்தென்றுதான் படிக்கப் பார்ப்பார்.