குன்னூரில் ஒரு லேப்: அஞ்சுக்கு மூணரை

பெட்போர்டு பக்கம் படியேறிப் போனால் வரும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை மையம். பெயரைப் போடவில்லை, திட்டுவதும் இருக்கிறது. எனக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். அது சிறுநீரகத்திலும் இறங்கிவிட்டது, சிறுநீரகத்தில் துணுக்கு எடுத்துப் பார்க்கிற பயாப்சியில் நாலாம் வகுப்பு பாதிப்பு என்று வந்தது. டாக்டர் கோயம்புத்தூரில். ஒவ்வொரு டெஸ்டுக்கும் பர்லியார் வளைவுகளில் வாந்தியோடு இறங்க என்னால் ஆகாது என்றுதான் இங்கே போக ஆரம்பித்தேன்.

முதல் நாளே கூத்து. டாக்டர் சீட்டில் 'யூரின் பிசிஆர்' என்று எழுதியிருந்தார், கவுன்டரில் இருந்த பெண் "கொரோனாவா அக்கா?" என்று கேட்டார். சிறுநீரில் போகிற புரோட்டீனையும், கிரியாட்டினின் என்ற கழிவையும் அளந்து ஒன்றை மற்றதால் வகுக்கிற விகிதம் என்று நான் விளக்கிய பிறகும், நிறம் மாறுகிற டெஸ்ட் பட்டையைச் சிறுநீரில் முக்கிப் பார்த்து, புரோட்டீன் 'டூ பிளஸ்' என்று உத்தேசமாக எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த பிளஸ்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நிறையத் தண்ணீர் குடித்தால் ஒரு பிளஸ், குடிக்காமல் போனால் மூன்று பிளஸ் (டிசம்பர் குளிரில் நம்ம ஊரில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள்?). விகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நீர்த்துப் போனால் இரண்டும் சேர்ந்தேதான் நீர்த்துப் போகும். 0.5-ஐத் தாண்டினாலே பயாப்சி பேச்சு வரும். எனக்கு ஆரம்பத்தில் 2.8.

ஒரு எண்ணுக்கு இவ்வளவு அடமா என்று கேட்பீர்கள். டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டியது இதுதான். செல்கள் தினமும் சாகின்றன, அந்தக் குப்பையை உடம்பு சத்தமில்லாமல் அள்ளிவிட வேண்டும். லூபஸில் அள்ளுவது தாமதம். கிடக்கிற குப்பையில் இருக்கும் டிஎன்ஏவுக்கு எதிராகவே ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்புப் புரதம், உருவாகிறது, இரண்டும் ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமருலஸில் படிகின்றன. படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் என்கிற, ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் கிளம்பி வெள்ளை அணுக்களைக் கூட்டி வருகின்றன. வந்த நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணு சும்மா இருக்காமல் தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசுகிறது, அதைப் பார்த்து இன்டர்பெரான் என்கிற எச்சரிக்கைப் புரதம் ஏறுகிறது, இன்டர்பெரான் ஏறினால் இன்னும் ஆன்டிபாடி. அணைக்க வந்தவனே விறகு போடுகிற கதை.

இதில் அடிபடுகிறது போடோசைட் என்கிற செல். வடிகட்டியின் வெளிப்பக்கத்தில், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருக்கும், விரல் இடுக்குகளை நெப்ரின் முதலான புரதங்கள் வலை போல அடைத்திருக்கும். அடிபட்டால் விரல்கள் சப்பையாகிவிடும், இடுக்கு கெட்டுவிடும், ஆல்புமின் என்ற ரத்தப் புரோட்டீன் சிறுநீரில் ஒழுகும், காலையில் கண் இமை வீங்கும். போடோசைட் செத்தால் ஏறக்குறைய செத்ததுதான், தோல் மாதிரி புதிதாக முளைத்து வராது. அதனால்தான் ஒழுகல் 0.8-ஆ 1.5-ஆ என்பது எனக்கு முக்கியம், 'டூ பிளஸ்' அதைச் சொல்லாது.

சரி, அஞ்சுக்கு மூணரை மார்க் எதற்கு? அங்கே ரத்தம் எடுக்கிற தம்பிக்கு. முந்தின நாள் மாலையே டப்பாவைக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் கொண்டுபோனால் மூடியைத் திறக்கும் முன் கேள்வி: "அக்கா, எழுந்தவுடனே பிடிச்சதா, இல்ல படியேறி வந்து பிடிச்சதா?" சிலருக்கு நின்றாலே, நடந்தாலே புரோட்டீன் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், காலையில் முதலில் போவதுதான் கணக்கு. பெரிய ஊர் லேப்களில்கூட என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. இரண்டாவது தடவையிலிருந்து விகிதமும் சரியாக வருகிறது, அன்று மாலையே வாட்ஸப்பில்.

சி3, சி4 என்கிற காம்ப்ளிமென்ட் டெஸ்டுகள் மட்டும் கீழே கோவைக்குப் போகின்றன. சிறுநீரகத்தில் அந்தச் சண்டை நடக்கும்போது காம்ப்ளிமென்ட் செலவாகிக் குறையும், எனக்கு சி3 ஒரு சமயம் 48-க்கு இறங்கியது, அவர்கள் அச்சடிக்கிற கீழ் எல்லையே 90. ரிசல்ட் வர சாதாரணமாக இரண்டு நாள். ஐப்பசி மழையில் ரோட்டில் மண் சரிந்த வாரம் ஐந்து நாள் ஆனது, அதை யாரும் போன் செய்து சொல்லவில்லை, நானே நாலு தடவை கூப்பிட்டேன். இருபத்துநாலு மணி நேர சிறுநீருக்குக் கொடுத்த கேனின் மூடி பஸ்ஸில் ஒழுகியதையும் எழுதித்தான் ஆக வேண்டும், என் மடியில்தான் ஒழுகியது.

அப்புறம் அந்த வெளித் திண்ணை. காத்திருக்கிறவர்களை வெயிலில் உட்கார வைக்கிறார்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷமாக உட்காருகிறார்கள். லூபஸ்காரருக்கு அது ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் தோல் செல்கள் சாகும், மறுபடி அதே குப்பை, அதே டிஎன்ஏ. மலை ஏற ஏற அந்தக் கதிர் கூடத்தான் செய்யும், மூடுபனியும் அதை முழுசாகத் தடுக்காது. இரண்டு முறை சொன்னேன், சிரித்துக்கொண்டே குடையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாவது முறை அந்தத் தம்பி தன் ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டார். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை.

போகிறவர்கள் சீட்டில் 'புரோட்டீன் கிரியாட்டினின் விகிதம்' என்று முழுசாக எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், எட்டு மணிக்கு முன்னால் போங்கள். போன வாரம் எனக்கு 0.6.